வலி நின்ற காலை

விளக்கெண்ணெய் சூடாகும் வாசனை எங்கிருந்து வந்தாலும் என் கை தானாக வலப்பக்க அடிவயிற்றைப் பொத்திக்கொள்ளும். பத்து வயதில், கே.ஜி.கண்டிகை வீட்டுக் கூடத்தில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, இளஞ்சூட்டில் அந்த எண்ணெயை ஊற்றி, என் அத்தை மூன்று நாள் வயிற்றை உருவினாள். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி அதற்குள் வலப்பக்கம் இறங்கி, விரல் பட்டாலே உயிர் போகிறபடி ஆகியிருந்தது. "குடல் ஏறிகினு கீது, உருவுனா எறங்கிடும்" என்பது அத்தையின் தீர்ப்பு. நான் கத்தினால், "எறங்குது பாரு, அதான் கத்துறா" என்று இன்னும் அழுத்துவாள். அம்மா என் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஏறினால் திருத்தணி ஆஸ்பத்திரி எட்டாத தூரமில்லை. ஆனால் என் அப்பா, எங்கள் வீட்டில் "நைனா", தம்பியாகப் பிறந்த பாவத்துக்கு அக்கா சொல்லைத் தாண்டமாட்டார். தன் பங்குக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து சாமிபடத்தின் முன் வைத்து, வலி நின்றால் பெண்ணுக்கு மொட்டையடித்து மலைக்கு நடத்தியே கூட்டி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார்.

நான்காம் நாள் ஆடிக் கிருத்திகை. அன்று காலை வலி நின்றுவிட்டது. நைனா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அத்தை தன் எண்ணெய்க் கையைத் தூக்கிக் கும்பிட்டாள். வீங்கிய குடல்வால் வெடிக்கும்போது வலி சற்று அடங்கும், அதற்குப் பிறகுதான் உள்ளே சீழ் பரவும் என்று பல நாள் கழித்து ஒரு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கொடுமையைப் பாருங்கள், என் குடல்வால் வெடித்த காலையைத்தான் நாங்கள் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொண்டாடியிருக்கிறோம்.

மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசி முந்நூற்று அறுபத்தைந்து படிகளிலும் என்னை ஏற்றினார்கள். முன்னால் நைனாவின் பூக்காவடி ஆடிக்கொண்டு போனது. பாதிப் படியில் உடம்பு கொதித்தது, நிமிர முடியாமல் கூனிக்கொண்டே ஏறினேன். நைனா திரும்பிப் பார்த்து, "வலிக்குதாம்மா?" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "இல்ல நைனா" என்றேன். பத்து வயதுக் கழுதைக்கு வேறென்ன சொல்லத் தெரியும்.

ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு, வயிறு உப்பியதும், என்னை மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டதற்கு, "நேத்து வரைக்கும் நல்லா ஓடியாடிகினு இருந்துச்சு சார்" என்று நைனா கூசாமல் சொன்னார். ஸ்கேனில் இரண்டு சீழ்க்கட்டிகள் தெரிந்தன. ஒன்று குடல்வால் இருந்த இடத்தில், இன்னொன்று அடியில், கர்ப்பப்பையை ஒட்டி. ஸ்கேனில் பார்த்தபடியே வயிற்றில் ஊசி இறக்கிக் குழாய் செருகினார்கள். அந்தக் குழாயின் நுனியில் தொங்கிய பையில் நாள்தோறும் சீழ் இறங்கியது, அந்த நாற்றத்துக்குப் பக்கத்துக் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கையில் மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. கட்டிகள் வற்றி, சில மாதம் கழித்துத்தான் மிச்சமிருந்த குடல்வாலை அறுத்தெடுத்தார்கள்.

ஊரில் இந்தக் கதைக்கு ஒரே முடிவுதான்: "முருகன் காப்பாத்துனான்." எனக்கு முருகன்மேல் கோபமில்லை. "தப்பு பண்ணிட்டோம்" என்று ஒரு வாய் வார்த்தையாகவாவது யாரும் சொல்லவில்லையே, அந்த எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.

அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தக் கூடத்துக்கு டைல்ஸ் போட்டாகிவிட்டது, வாசலுக்கே ஆட்டோ வருகிறது. எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தையில்லை. கருக்குழாய் இரண்டும் ஒட்டிப்போயிருக்கின்றன, அந்தப் பழைய சீழ்தான் காரணமாக இருக்கும் என்கிறார் டாக்டர் அம்மா. அதை நான் வீட்டில் சொல்லவில்லை. போன வாரம் நைனா போன் செய்தார்.

"ஒனக்கொரு கொழந்த பொறக்கணும்னு மஞ்சத் துணில முடிஞ்சி வெச்சிருக்கேம்மா. ஆடிக்கு வந்து படியேறிடு."

என் கை அடிவயிற்றைப் பொத்திக்கொண்டது.

"இன்னாம்மா, சத்தத்தையே காணோம். ஒடம்பு கிடம்பு வலிக்குதா?"

"ஆங், வலிக்குது நைனா" என்றேன். "அன்னிக்குப் படியிலயும் வலிச்சுது."