திருவிருந்துக்கு எழாத இருவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அன்றைக்கு மட்டும் போதகர் ஈப்போவிலிருந்து மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே பாடி, நாங்களே ஜெபித்து, நாங்களே சண்டையும் போட்டுக்கொள்வோம். முதல் ஞாயிறன்று எல்லோரும் சலவைத் துணியும் சாந்தமான முகமுமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். அப்பத் தட்டும் திராட்சரசமும் மேசைக்கு வந்ததும் சபை எழுந்து முன்னால் போய் முழங்கால் போடும். சின்னப் பிள்ளைகளான நாங்கள் பாயிலேயே இருப்போம். எங்களைத் தவிர எழாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். முன் பெஞ்சில் பெரியப்பா, கடைசி பெஞ்சில் அப்பா. நடுவில் இருந்த பெஞ்செல்லாம் காலியாகக் கிடக்கும்.

பாயில் என் பக்கத்தில் உட்காரும், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் மகள் ஒருநாள் என் காதுக்குள் சொன்னாள். "பாவம் செஞ்சவங்கதான் எடுக்கமாட்டாங்களாம். உங்கப்பா பெரிய பாவி லா." நான் அவள் தொடையில் கிள்ளினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், அப்பா என்ன பாவம் செய்தார் என்று. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "கூடப் பொறந்தவங்க மேல கோவத்தை வச்சுக்கிட்டு அப்பத்தத் தொடக்கூடாது. மொதல்ல போய்ச் சமாதானம் ஆகணும். உங்கப்பாவுக்கு தொடக்கூடாதுங்கிறது மட்டும் நல்லாத் தெரியும்" என்றார்.

கோபத்துக்குக் காரணம் ஒரு பாட்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் நாங்கள் யாரும் வெளியே சொல்வதில்லை. பெரியப்பா தேயிலை ஆலையில் வேலை பார்த்தார். கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பது அவர்தான். அப்பா தோட்டத்து லோரி ஓட்டுநர். நல்ல குரல், பாட்டு எடுத்துக் கொடுப்பது அவர். ஆர்மோனியப் பெட்டியை வைத்துக்கொண்டு பெரியப்பா ஒவ்வொரு வரியையும் இழைத்து இழைத்து வாசிப்பார். அப்பாவுக்கோ எந்தப் பாட்டும் இறக்கத்தில் போகும் லோரி மாதிரி ஓட வேண்டும். வருடக்கணக்காக இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவரையொருவர் சகித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓர் ஈஸ்டர் காலையில் அப்பா கையைத் தட்டித் தாளத்தை முடுக்கினார். சபையும் அவரோடு ஓடியது. ஆர்மோனியம் ஒரு வரி பின்னால் தனியாக வந்துகொண்டிருந்தது. இளவட்டங்கள் யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். அப்பா திரும்பிப் பார்த்து, "அண்ணே, கல்லறையே தொறந்துருச்சு, நீங்க இன்னும் எந்திரிக்கல" என்றார். கோயிலே சிரித்தது. பெரியப்பா துருத்தியை மூடினார், பெட்டியைப் பூட்டினார், எழுந்து வெளியே போனார். அதற்கப்புறம் எங்கள் கோயிலில் யாரும் ஆர்மோனியம் வாசிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கட்டும் என்றார் பெரியப்பா. ஒரு பாட்டுக்கு மன்னிப்பா என்றார் அப்பா. சின்னச் சபை, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிட்டது. நிதானக்காரர்கள் ஒரு பக்கம், வேகக்காரர்கள் ஒரு பக்கம். அந்த வருடம் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இரண்டு குழுக்கள் அடுத்தடுத்த நாளில், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு, லயம் லயமாகப் போயின. மேல் லயத்தில் மாரியம்மன் கோயில் பூசாரியின் மனைவி எங்கள் குழுவைப் பார்த்துத் திகைத்துப்போனார். "நேத்துதான ஏசு பொறந்துட்டாருன்னு பாடிட்டுப் போனீங்க. இன்னிக்கும் பொறந்துட்டாரா?" என்று கேட்டார். ஆனாலும் இரண்டு நாளும் வந்தவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். போதகர் மாதாமாதம் ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நிதானக்காரர்கள் வேகக்காரர்களையும், வேகக்காரர்கள் நிதானக்காரர்களையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். சில குடும்பங்கள் அலுத்துப்போய், பக்கத்து டவுனான கம்போங் ராஜாவில் ஒரு கடைக்கு மேலே புதிதாக நடந்த ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கின.

இதில் வேடிக்கை, எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். சாயங்காலம் அந்தப் பக்கம் குடும்ப ஜெபம் தொடங்கினால் இந்தப் பக்கமும் தொடங்கும். அங்கே ஒரு பாட்டை மெதுவாக எடுத்தால் அப்பா அதே பாட்டை வேகமாக எடுப்பார். நாங்கள் பாடி முடித்து, ஜெபித்து, சாப்பிட உட்காரும்போதும் அவர்கள் கடைசிச் சரணத்தில் இருப்பார்கள். அம்மாவும் பெரியம்மாவும் இதில் எல்லாம் சேரவில்லை. பின்பக்க வேலி வழியாகக் குழம்பும் ரசமும் போய்வந்துகொண்டுதான் இருந்தன. அப்பாவும் அந்தக் குழம்பை வாய் பேசாமல் ஊற்றிச் சாப்பிடுவார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது பெரியப்பாவுக்கு ஓய்வு வயது வந்தது. தோட்டத்தில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுக் கிள்ளானில் இருந்த மகள் வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. அவர்கள் போவதற்கு முந்தைய ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறாக அமைந்தது.

அம்மா அப்பாவை நச்சரிக்கத் தொடங்கினார். "அவரு போயிட்டா அப்புறம் யாருகிட்டப் போய் சமாதானம் ஆவீங்க? ஒரே ஒரு தடவை ரெண்டு பேரும் சேந்து முன்னால போங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

"பெரியவருதான, அவரு வரட்டும். வந்தா நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்" என்றார் அப்பா.

பெரியப்பா வந்தார். சனிக்கிழமை சாயங்காலம், மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தமும், அவர் இருமலும், செருப்புச் சத்தமும் பலகைச் சுவர் வழியே கேட்டன. எங்கள் வாசலுக்கு வரும் செருப்பு என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே வைத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து பின்பக்கம் போய்க் குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி இல்லியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே பெரியப்பா உள்ளே வந்தார்.

"குளிக்கிறாரு மாமா. உக்காருங்க" என்றார் அம்மா. பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான்.

"இந்தக் குளிருலயா?"

எங்கள் மலையில் அந்த நேரத்துக்குப் பச்சைத் தண்ணீரில் யாரும் முகம்கூடக் கழுவமாட்டார்கள். பெரியப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். பெரியப்பா என்னைப் பார்த்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். தேநீர் ஆறி ஆடை கட்டியது. வாளி நிரம்பித் தண்ணீர் தரையில் வழியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் பெரியப்பா எழுந்தார். சமையலறை வரைக்கும் போய், குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றார். கோயிலில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, அன்னிக்கு நான் எந்திரிச்சுப் போயிருக்கக் கூடாது. சபையையே ரெண்டாக்கிட்டேன். எம்மேல தப்பு. மனசுல வச்சுக்காதப்பா" என்றார்.

குழாய் நிற்கவில்லை. அவர் இன்னும் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு அம்மாவிடம், "நல்லாக் குளிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அப்பா வெளியே வந்தார். தலைமுடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"உங்களுக்குக் கேக்கலியா?" என்றார் அம்மா.

அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டார். அன்று எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கவில்லை.

மறுநாள் கோயிலில் திருவிருந்துக்குச் சபை எழுந்தது. பெரியப்பாவும் எழுந்தார். நான் பாயில் இருந்து அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை வேட்டியோடு மெதுவாக நடந்து போய் மற்றவர்களோடு முழங்கால் போட்டார். பெரியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். போதகர் அப்பத்தை அவர் கையில் வைத்தார். அதன் பிறகு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு போதகர் கடைசி பெஞ்சைப் பார்த்தபடி வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். நிதானக்காரர்களும் வேகக்காரர்களும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மூடுபனியைத் தவிர எதுவும் இல்லை.

எனக்குப் பெரியப்பா மேல் ஆத்திரமாக வந்தது. இத்தனை நாளும் இரண்டு பேருமாக உட்கார்ந்திருந்துவிட்டு, இப்போது அப்பாவை மட்டும் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று நினைத்தேன். கிராணி மகள் இனி என்ன சொல்வாளோ என்று வேறு பயமாக இருந்தது.

அம்மா அதற்கும் அசரவில்லை. சாமான்களை ஏற்றிப்போகத் லோரியைக் கொடுக்கத் தோட்டத்துத் துரை சம்மதித்திருந்தார். பெரியம்மாவை முதல் நாளே, அழைத்துப்போக வந்த மகளோடு காரில் அனுப்பிவைத்தது அம்மாவின் ஏற்பாடு. கிள்ளான் வரைக்கும் லோரியின் முன்பக்கத்தில் அண்ணனும் தம்பியும் மட்டும். அத்தனை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் கல்லும் பேசும் என்று அம்மா நம்பினார். லோரி புறப்பட்டதும் வாசலிலேயே நின்று ஜெபம் செய்தார்.

மறுநாள் அப்பா திரும்பி வந்து லோரிச் சாவியை ஆணியில் மாட்டினார்.

"பேசினீங்களா?" என்றார் அம்மா.

"பேசினோம்."

"என்ன பேசினீங்க?"

"தாப்பா டவுன்கிட்ட வரும்போது டீ குடிக்கலாமான்னு கேட்டாரு. குடிக்கலாம்னேன்." அப்பா சட்டையைக் கழற்றினார். "எனக்குச் சீனி கம்மின்னு கடைக்காரன்கிட்ட அவரே சொல்லிட்டாரு."

அம்மா இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்தார். வரவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்பே பெரியப்பா இறந்துபோனார். ஆலைத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அது அவருக்கு மலையில் இருந்தபோதே தெரியுமாம். நாங்கள் கிள்ளானுக்குப் போனோம். அப்பா பெட்டியின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். மூடுகிற நேரம் வந்தும் அவரை நகரச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

அதற்கடுத்த முதல் ஞாயிறில் நான் அப்பாவையே கவனித்துக்கொண்டிருந்தேன். இனி எழுந்துவிடுவார் என்று நம்பினேன். எனக்குத் தெரிந்த சட்டப்படி, கோபம் இருந்தால்தானே தொடக் கூடாது. சபை எழுந்து முன்னால் போயிற்று. முன் பெஞ்சும் காலி, நடு பெஞ்சுகளும் காலி. அப்பா கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்தபடி இருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், தேயிலைச் சரிவில் இறங்கும்போது கேட்டேன். "இனிமே நீங்க எடுக்கலாம்தானேப்பா? சண்டை போடத்தான் ஆள் இல்லியே."

"ஆமாம்மா, ஆள் இல்ல" என்றார் அப்பா. சொல்லிவிட்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

ஆமாம் என்று சொன்னவர் அடுத்த மாதமும் எழவில்லை, அதற்கு அடுத்த மாதமும் எழவில்லை. செத்துப்போன அண்ணன் மேல்கூடவா ஒரு மனுஷனுக்கு இத்தனை கோபம் இருக்கும் என்று எனக்கு மனசு ஆறவே இல்லை. அந்த வருடம் முழுக்க நான் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை.