மூன்று அட்டைக்கு மேல் இடமில்லை

"ஸ்கிரம் மாஸ்டர்: நிதானமானவர். யாருக்கும் கட்டளையிடாமல், அணியின் பாதையிலுள்ள தடைகளை அமைதியாக அகற்றுபவர்." கம்பெனியின் இணையதளத்தில் சுமைராவின் படத்துக்குக் கீழே இப்படித்தான் போட்டிருக்கிறது. படம் எடுக்கும்போதே அவள் இரண்டு முறை எழுந்து போனதைப் போடவில்லை.

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்கு மேல்மாடியில் சின்ன அலுவலகம். நாரணாபுரத்துப் பட்டாசு முதலாளி ராஜபாண்டியனுக்கு ஆர்டர் எடுக்கும் ஆப் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். ஆடிப் பெருக்கன்று பூசை போட்டு அவர் சீசன் ஆர்டரைத் திறப்பார். அதற்குள் ஆப் ஓடாவிட்டால் வேலை மதுரைக்காரன் கைக்குப் போய்விடும். அத்தோடு இந்த மாடியும் காலி.

ஸ்கிரம் என்ற வேலைத் திட்ட முறைப்படி இரண்டு வார வேலையை முதலிலேயே முடிவுசெய்து பூட்டிவிட வேண்டும். நடுவில் யாரும் எதையும் நுழைக்கக் கூடாது. இதை ராஜபாண்டியனிடம்தான் யாரும் சொல்லவில்லை. காலையில் விலைப் பட்டியலுக்கு மத்தாப்பு நிறம், மத்தியானம் கிஃப்ட் பாக்ஸுக்குத் தனிப் பக்கம் என்று வாய்ஸ் மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. தங்கமான மனுசர், அதனால் மறுக்கவும் முடியாது. தொடங்கிய வேலைகள் போர்டு நிறைய இருந்தன. முடிந்தது ஒன்றுகூட இல்லை.

"கான்பானுக்குப் போயிருவோம்க்கா," என்றான் ஆப்பை எழுதும் செல்வக்குமார். "வேலைக்கு ஒரு அட்டை. கையில மூணு அட்டைக்கு மேல கிடையாது. ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. ரெண்டு வாரப் பூட்டெல்லாம் வேணாம்."

"கெடு இல்லைன்னா நீ அடுத்த ஆடிக்குத்தான் முடிப்பலே," என்றாள் சுமைரா.

"கெடு இருந்து மட்டும் என்னத்த முடிச்சோம்?"

கம்பெனி முதலாளி நிஜாமோ சுமைராவை ஸ்கிரம் பயிற்சிக்கு அனுப்பியவர். "சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியாச்சேம்மா" என்பதே அவருடைய முழு வாதம். சுமைரா ஜன்னலுக்கும் போர்டுக்குமாக நடந்தாள். கீழே வத்தல் மூட்டை இறக்கினார்கள்; மாடி முழுக்கத் தும்மல்.

மறுநாள் காலை, நின்றபடியே சுருக்கமாகப் பேசி முடிக்கும் ஸ்கிரம் கூட்டம். அந்த நேரம் பார்த்து ராஜபாண்டியன் உள்ளே வந்தார். எல்லோரும் நிற்பதைக் கண்டு, தனக்குத்தான் இம்புட்டு மரியாதை என்று நெகிழ்ந்துபோனார்.

"அட, உக்காருங்க! எதுக்கு எந்திரிச்சீக?"

சேவுப் பொட்டலம் பிரிந்தது. டீ வந்தது. சுருக்கக் கூட்டம் சம்பந்தி வீட்டு விருந்தைப் போல நீண்டது. கிளம்பும்போது அவர் இன்னொன்றையும் சேர்த்தார்: "போன்ல பேசுனாலே ஆர்டர் ஏறிரணும் தாயி. அம்புட்டுத்தான்."

சுமைரா எழுந்துவிட்டாள். "அண்ணாச்சி, நீங்க பட்டாசு மருந்து கலக்குற ரூம் சுவத்துல ஆள் கணக்கு எழுதிப் போட்டிருக்கீகளே. அதுக்கு மேல ஒரு ஆளை விடுவீகளா?"

"என்ன கேள்வி இது? என் மகனே வந்தாலும் ஒருத்தனை வெளிய அனுப்பிட்டுத்தான் உள்ள விடுவேன்."

"இங்கயும் கணக்கு மூணுதான். புதுசு உள்ள வரணும்னா எது வெளிய போகணும்னு நீங்களே சொல்லுங்க."

ராஜபாண்டியன் போர்டைப் பார்த்தார். கையிலிருந்த சேவு வாய்க்குப் போகவில்லை. பிறகு கிட்டே போய், மத்தாப்பு நிற அட்டையை அவரே பிடுங்கினார். அடுத்தது கிஃப்ட் பாக்ஸ். மூன்று அட்டை மிஞ்சும்வரை நிறுத்தவில்லை. பேசினால் ஏறும் ஆர்டர் போர்டுக்கே வரவில்லை.

"அப்ப சர்டிபிகேட்டு?" என்றார் நிஜாம்.

"அது சுவத்துலயே இருக்கட்டும் சார்."

ஆடிப் பெருக்கன்று ஆப் ஓடியது. இணையதளத்தில் அவள் இன்னும் ஸ்கிரம் மாஸ்டர்தான். ஆனால் ராஜபாண்டியன் அட்டை பிடுங்கிய அன்று காலையே அவள் இரண்டு வாரக் கோடுகளை அழித்தாள், மூன்று கட்டம் போட்டாள், போர்டின் தலையில் ஆடிப் பெருக்குத் தேதியைக் கெடுவாக எழுதினாள்.