கட்டாரிலிருந்து வந்த ஃபேன்

ஓட்டமாவடியில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். போன வெயில் காலத்தில் கம்ப்யூட்டர் சூடாகி அடிக்கடி நின்றுபோனது. கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் சரியாகச் சுற்றவில்லை. கட்டாரில் வேலை செய்யும் என் கணவர், அதைவிடப் பெரிய ஃபேன் ஒன்றை வாங்கி, லீவில் வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பினார்.

"கடையில குடுக்காத. நான் சொல்லித் தாறன், நீயே மாத்து" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ கோல் எடுத்து, போனை மேசையில் சாய்த்து வைத்தேன். அவருக்குத் தெரிந்தது கார்டும் என் கைகளும் மட்டும்தான். அவர் சொல்லச் சொல்லப் பழைய ஃபேனைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினேன். பாதியில் அவர் பேச்சு நின்றுவிட்டது.

"என்ன, லைன் கட்டாகிட்டா?"

"இல்ல புள்ள. உன்ட கையப் பாத்துக்கிட்டு இரிக்கன். மெதுவாச் செய்."

மீதி ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக இறுக்கினேன்.

"இன்னும் இரிக்கா?" என்று கேட்டார்.

எல்லாம் முடிந்திருந்தது. "ஒண்டு இரிக்கி" என்று சொல்லி, இறுக்கியதில் ஒன்றைக் கழற்றி மறுபடியும் மெதுவாக இறுக்கினேன்.

இப்போது கம்ப்யூட்டர் சூடாவதே இல்லை. வேறு ஏதாவது பழுதாகக் கூடாதா என்று சில வேளை நினைத்துக்கொள்கிறேன்.