எண்ணாமல் சாய்த்த மலை

தோட்டத்தில் ஆள் மேய்க்கும் நல்ல கங்காணிக்கு என்ன குணம் வேண்டும் என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். போன வாரம்கூடப் புதிதாகக் கங்காணிக் கம்பு பிடித்த ஒருவன் வெற்றிலையும் கையுமாக வந்து நின்றான். "ஒங்க ஆளுங்க மட்டும் எப்படிங்க ஒருத்தர்கூட ஓடாம இத்தன வருசமா ஒட்டிக்கிட்டு இருக்காங்க?" என்றான். ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன். அவன் போன பிறகு அந்த வெற்றிலையைத் தொடப் பிடிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. எழுதியாவது வைக்கிறேன், பேச வெட்கமாக இருக்கிறது.

கண்டிச் சீமையில் மடுல்கெல்லைப் பக்கம் அப்போது வெறும் காடு. கோப்பித் தோட்டம் போட வேண்டுமென்றால் முதலில் காட்டைச் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு மரமாகச் சாய்க்க ஆயுசு போதாது. அதனால் அடிவாரத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே மரங்களையெல்லாம் பாதி வெட்டி நிற்கவைத்துவிடுவோம். உச்சியில் உள்ள பெரிய மரத்தை மட்டும் கடைசியில் முழுக்க வெட்டுவோம். அது கீழே இருப்பதன் மேல் விழ, அது அடுத்ததன் மேல் விழ, ஒரு சரிவே மளமளவென்று படுத்துவிடும்.

அந்தக் கடைசி மரத்தில் கோடரி படுமுன் சங்கு ஊத வேண்டும். எல்லாரும் உச்சிக்கு வந்தபின் கங்காணி ஒவ்வொரு தலையாக எண்ண வேண்டும். தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை இதில் வெகு கண்டிப்பு. எண்ணாமல் சாய்த்தால் கங்காணியின் கம்பைப் பிடுங்கிக்கொண்டு, அவன் ஆட்களை மற்றக் கங்காணிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார். சொல் கேளாமல் உள்ளே இறங்கிய ஆளுக்கோ பேர் வெட்டு. அன்றே தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும்.

எனக்குக் கீழே முப்பத்திரண்டு கோடரிக்காரர்கள். அவர்களில் ஒருவன் என் தங்கையின் புருஷன். நான் கூப்பிட்டுத்தான் கடல் கடந்து வந்தான்.

அன்றைக்குத் தொரை இன்னொரு தொரையை வேடிக்கை காட்டக் கூட்டிவந்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட கம்பு, கேட்கவா வேண்டும்! எதிர்மலையில் வேறொரு கங்காணி தன் சரிவைச் சாய்க்க ஆயத்தமாக நின்றான். அவனை முந்திவிட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் என் மண்டையில் இல்லை. சங்கு ஊதியாயிற்று. ஆட்கள் மூச்சு வாங்க ஏறிவந்து உட்கார்ந்தார்கள்.

"கங்காணி, ஆள் எல்லாம் சரியா?" என்று தொரை கேட்டார்.

கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தேன். கூட்டமாகத்தான் தெரிந்தது. "சரிங்க தொரை" என்றேன். படுபாவி, எண்ணவில்லை.

மரம் விழுந்தது. மலையே இறங்கி ஓடுவதுபோல் இருந்தது. வந்த தொரை கை தட்டினார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அப்போதுதான் சோற்றுப் பானையோடு வந்திருந்த என் தங்கை கத்தினாள்: "அண்ணே, இவுகளக் காணோமே!"

தூசி அடங்குமுன் கிளைகளை விலக்கிக்கொண்டு இறங்கினோம். சரிவின் நடுவில் ஒரு பாறை. அதன் மறைவில் எங்கள் செவிட்டுப் பெரியவர், உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாறைக்கு வெளியே என் மாப்பிள்ளை கிடந்தான். வலது கால் மரத்துக்கு அடியில். பெரியவருக்குச் சங்கு கேட்கவில்லை. அவர் வராததைக் கவனித்தவன் இவன் ஒருவன்தான். கூட்டிவர இறங்கி, அவரைப் பாறை மறைவுக்குள் தள்ளிவிட்டு, தான் அகப்பட்டுக்கொண்டான். மரத்தைத் தூக்கியதும் அவன் முதலில் கேட்டது, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்பதுதான்.

தொரை வந்துவிட்டார். "எண்ணினியா, இல்லையா?"

"எண்ணினேங்க தொரை. எண்ணின பொறகு, எறங்கக் கூடாதுன்னு சொல்லியும் கேக்காம, என் கண்ணுல படாம இவன்தான் உள்ள எறங்கிட்டான்."

ரத்தத்தில் கிடந்தவனைக் கைகாட்டி, இந்த வாய்தான் இதைச் சொன்னது. அதே வாயால் இன்னும் சோறு தின்கிறேன்.

தொரை குனிந்து, "அப்படியா?" என்று அவனிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "ஆமாங்க தொரை, நாந்தான் கேக்கல" என்றான்.

கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். பேரும் வெட்டியாயிற்று. தங்கை சட்டிபானையைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது, தொரையிடம் பிறகு பேசிப் பார்க்கிறேன் என்று முணுமுணுத்தேன். "ஒங்க கம்பு பத்திரம்ணே" என்றாள். அதோடு சரி, அவள் என்னிடம் பேசியதே இல்லை.

ஆட்கள் எல்லாருக்கும் நடந்தது தெரியும். மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நின்றார்கள். மூன்று தடவை எண்ணினேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் தொரையிடம் போய்ச் சொல்லவுமில்லை. அவர்கள் "கங்காணியாரே" என்று கும்பிடும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது.

நாலு வருஷம் கழித்துத்தான் அவனைப் போய்ப் பார்க்கத் துணிந்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில், வண்டிக்காரர்களுக்குக் கோப்பிச் சாக்குத் தைத்துக்கொண்டு இருந்தான். தங்கை என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் கேட்டேவிட்டேன்: "ஏன் மாப்ள அன்னிக்கு ஆமான்னு சொன்ன?"

"ஒங்களுக்காகன்னு நெனச்சிட்டீங்களா, மச்சான்?" ஊசியைக் கீழே வைக்காமலே பேசினான். "ஒங்க கம்பு போனா ஆளப் பிரிச்சிருப்பாரு. அண்ணன் ஒரு மல, தம்பி ஒரு மல. அந்தச் செவிட்டு மனுசன யாரு சேத்துக்குவா? என் காலு எப்படியும் போனதுதான்."

அழுகை வந்தது, அழவும் எனக்கு யோக்கியதை இல்லை.

புறப்படும்போது அவன் சொன்னான்: "ஒங்க லயத்துல கடசிக் காம்பராவுல ஒரு புள்ளைக்கு அஞ்சு நாளாக் காச்ச. போனதும் என்னன்னு பாருங்க."

திகைத்துப்போனேன். எனக்கு அது தெரியாது. "ஒனக்கு யாரு சொன்னா?"

"கண்டிக்கு எறங்குற ஞாயித்துக்கெழம எல்லாரும் இங்க வந்துட்டுத்தானே போறாங்க" என்றான்.

நாலு வருஷமாக! ஒருவர்கூட என்னிடம் மூச்சு விடவில்லை.

மலையேறியதும் நேரே ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் அந்தக் கடைசி அறைக்குப் போனேன். பிள்ளை சுருண்டு கிடந்தது. என்னை வாசலில் கண்டு அதன் தாய் பதறி எழுந்தாள். அத்தனை காலத்தில் நான் அந்த வாசலை மிதித்ததில்லை.

"பாலத்தடியில அவரு சொல்லி அனுப்புனாரா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.