இளையதம்பி அண்ணனின் கொப்பி

ஊர் என்றால் கோயிலைச் சுற்றி வளரும், இல்லாவிட்டால் சந்தையைச் சுற்றி வளரும். எங்கள் வம்மித்தோட்டம் ஒரு பஸ்ஸைச் சுற்றி வளர்ந்தது. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்க முடியாமல் ஓடிவந்த அரசாங்க உத்தியோகத்தர்கள் நாங்கள். கிழக்குக் கரையில் சும்மா கிடந்த ஒரு தென்னந்தோட்டத்தைத் துண்டு துண்டாக வாங்கி வீடு கட்டினோம். ஆறு வருடத்தில் நாற்பத்து மூன்று வீடுகள். காலை ஆறே முக்காலுக்கு மட்டக்களப்புக்குப் பஸ், மாலை ஐந்தரைக்குத் திரும்பி வரும். பிள்ளைகளும் அதே பஸ்ஸில் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். பகலில் ஊரில் இருப்பது ஆடு, கோழி, இளையதம்பி அண்ணன், அவர் மனைவி சீதேவிப்பிள்ளை. அவ்வளவுதான்.

அண்ணன் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வட்டைவிதானையாக இருந்தவர். எந்த வயல் யாருடையது, எந்த வரம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் முதலில் யாருக்கு என்று பார்ப்பது அவர் வேலை. சண்டையில் வட்டையும் போய், வேலையும் போய், எங்களோடு இக்கரைக்கு வந்து சேர்ந்தார். பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆமிக்காரர் ஆள் கணக்கெடுக்க வருவது பகல் பத்து மணிக்கு. பூட்டிய வீட்டைக் கண்டால் பூட்டை உடைப்பார்கள். முதல் மாதமே இரண்டு கதவு போயிற்று. அதற்குப் பிறகு எல்லா வீட்டுத் திறப்பும் அண்ணன் வீட்டுச் சுவரில், ஆணியில், காணி வரிசைப்படி தொங்கின. அதோடு ஒரு கொப்பியும் போட்டார். வீட்டில் யார் யார், எங்கே வேலை, எத்தனை மணிக்குப் போவார், எத்தனை மணிக்கு வருவார், எல்லாம் அதில் இருக்கும்.

"தம்பி, உங்கட மாமி வந்து நிக்கிறாவாம். எத்தின நாளைக்கு? சொன்னாத்தானே நான் எழுதலாம்" என்று வேலிப் படலையில் நின்று கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். மாமியார் எத்தனை நாள் நிற்பார் என்பது எனக்கே தெரியாத விஷயம்.

எங்கள் அடையாள அட்டைகளில் இந்த ஊர் விலாசத்தைப் போடுவதற்குக் கிராமசேவகரிடம் நடையாய் நடந்து கடிதம் எடுத்துத் தந்தவரும் அவர்தான். அவருடைய அட்டையில் மட்டும் பழைய படுவான்கரை விலாசமே கிடந்தது. கேட்டால், "எனக்கென்ன அவசரம்? நான் எங்க போறன்?" என்பார்.

எங்கள் அபிவிருத்திச் சங்கத் தலைவர் கனகசிங்கம் சேருக்கு ஒருநாள் நன்றியுணர்ச்சி பொங்கிவிட்டது. "இந்த மனிசனுக்கு நாம ஒரு கவுமெந்து வேலை எடுத்துக் குடுக்கணும்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். பகலில் ஊரைப் பார்க்க இருந்த ஒரே ஆளையும் பஸ்ஸில் ஏற்றிவிடுவது என்று படித்த நாற்பத்து மூன்று பேர் சேர்ந்து தீர்மானித்தோம், பாருங்கள்!

வேலை கிடைத்தது, ஒரு திணைக்களத்தில் தொழிலாளியாக. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முன் கையெழுத்து வைக்காவிட்டால் நியமனம் ரத்து. அண்ணனுக்கு நாற்பத்து நாலு முடிந்துவிட்டது. நாற்பத்தைந்துக்கு மேல் யாரும் எடுக்கமாட்டார்கள். இதைத் தவறவிட்டால் இனி இல்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையோடு பஸ்ஸில் ஏறினார். திறப்பெல்லாம் சீதேவிப்பிள்ளை பொறுப்பு. கொப்பியை மட்டும் பழக்கதோஷத்தில் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் அதைக் கண்டேன். கண்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, மடையன்!

பாலத்தடிச் செக்பொயின்ற்றில் எல்லோரும் இறங்கி வரிசையில் நடந்தோம். அண்ணனின் அட்டையைப் பார்த்த சிப்பாய் முகத்தைச் சுளித்தான். படுவான்கரை விலாசம், போராளிகளின் கையில் இருந்த பக்கம். கொப்பியை விரித்தான். நாற்பத்து மூன்று அரசாங்க உத்தியோகத்தரின் பெயர், வேலை, போகிற நேரம், வருகிற நேரம். அவன் கண்ணுக்கு அது வேவு பார்த்து எழுதிய பட்டியலாகத்தானே தெரிந்திருக்கும்?

"இது என்னடா?"

"ஐயா, நம்மட ஊர்க் கொப்பி. இஞ்ச நிக்கிற ஆக்கள்ர பேர்தான். கேட்டுப் பாருங்க."

சிப்பாய் எங்கள் பக்கம் திரும்பினான். "இந்த ஆள் யாருக்குத் தெரியும்? தெரிஞ்ச ஆள் இங்க நில்லு."

யாரும் நிற்கவில்லை. புதிதாகக் குடிவந்தவர்களை விடுங்கள், காலையில் திறப்பைக் கொடுத்து மாலையில் வாங்குகிற எங்களுக்கே அவரைத் தெரியாமல் போய்விட்டது. கனகசிங்கம் சேர் தன் பையில் எதையோ தேடினார், வெகுநேரம் தேடினார். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டே கால். எட்டரைக்குக் கந்தோரில் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள், அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்திய கணக்கு. பயத்தில்தான் பேசாமல் இருந்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். சிவப்புக் கோடுதான் காரணம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் திரும்ப ஏறினோம், பஸ் போய்விட்டது. அண்ணன் எங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஒருவேளை இறங்கியிருப்பேன் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் ஊருக்குக் கணக்கெடுக்க வருகிற கோப்ரல் தற்செயலாக அங்கே வந்திருக்கிறான். "அடே, இது திறப்பு ஐயா!" என்று சிரித்து, பிளாஸ்ரிக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்து விடுவித்தானாம். மூன்று மணிக்குக் கந்தோருக்குப் போனால், நியமனம் ரத்து. அண்ணனுக்காகச் சாட்சி சொல்லக் கிடைத்தது ஒரு கோப்ரல்.

ஆனால் கொப்பி ஆமி முகாமுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அதில் பெயருள்ள அத்தனை பேரும் முகாமுக்கு வரவேண்டும், கொப்பிக்காரர் ஒவ்வொருவரையும் பார்த்து அடையாளம் சொல்லவேண்டும் என்று உத்தரவு வந்தது. சனிக்கிழமை பின்னேரம், எங்களைத் தெரியும் என்று சொல்லும்படி கெஞ்ச அவர் படலையில் கூட்டம். நானும் போனேன், வேறென்ன செய்வது?

சீதேவிப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "மறுகா என்னத்துக்கு இஞ்ச வாறீங்க? ஆர் நீங்க எல்லாம்?"

"பேசாம இரு புள்ள" என்றார் அண்ணன். "நாளைக்கு வாறன்."

ஞாயிறு காலை முகாம் முற்றத்தில் நாங்கள் வெயிலில் வரிசையாக நின்றோம். அண்ணன் கதிரையில் இருந்தார், அதே வெள்ளைச் சட்டை. பெயர் வாசிக்க வாசிக்க, வயலில் வரம்பு பார்ப்பதுபோல ஒவ்வொரு முகத்தையும் ஆறுதலாகப் பார்த்துத் தலையாட்டினார். கனகசிங்கம் சேரின் முறை வந்தபோது கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். என் முறை வந்தபோது, "மாமி போயிற்றாவா தம்பி?" என்று கேட்டார்.

கடைசியில் அதிகாரி கேட்டார், பக்கத்தில் நின்றவன் தமிழில் சொன்னான்: "எல்லாரையும் உனக்கு நல்லாத் தெரியுமா?"

"ஓம் ஐயா, எல்லாரையும் தெரியும்" என்றார் அண்ணன். "இவங்களுக்குத்தான் என்னத் தெரியா."

மொழிபெயர்த்தவன் முதல் பாதியை மட்டும் சொன்னான். அதிகாரி அதை எழுதிக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார்.