நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர்

கனகத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிஷனில் பிறந்து, பதினேழு வயதில் கொழுந்து பறிக்கப் போய், அதே டிவிஷனில் கலியாணம் முடித்து, கணவனையும் அங்கேயே அடக்கம் செய்தவள். மகன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். இப்படிப்பட்ட பெண்கள் அந்த மலையில் நூறு பேர் இருப்பார்கள். கனகத்திடம் மட்டும் ஒரு போத்தல் இருந்தது.

மீரியபெத்தையில் மலை சரிந்து, ஆட்கள் குடியிருந்த லய வரிசைகள் மண்ணுக்குள் போய் இரண்டு வருடம் கழித்து, பதுளையிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். லயத்துக்கு மேலே நின்ற மலையை அளந்தார்கள். சுவர்களில் சிவப்புப் பெயின்ட்டால் குறி போட்டார்கள். இருபத்து மூன்று குடும்பத்துக்கும் வேறு இடம் கிடைக்கும் என்றார்கள். அதுவரைக்கும் ஒரு மழைமானி. புனல் வைத்த நீளமான பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் கோடுகள். லயத்தில் அதற்குப் போத்தல் என்று பேர். தினமும் காலை ஆறு மணிக்குப் பார்த்து எழுத வேண்டும். மழை வலுத்தால் மணிக்கொரு தரம். ஒரு நாளில் எழுபத்தைந்து மில்லிமீட்டர் என்றால் கவனம், நூறு என்றால் தயாராக இருப்பது, நூற்றைம்பது என்றால் வெளியேறுவது. ஓ.எல். பரீட்சை வரை படித்தவள், கையெழுத்து நல்லது என்று கனகத்திடம் கொடுத்தார்கள்.

இடம் அளக்க மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் வேறு வேறு இடம். அளந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கனகம் எழுதி முடித்த கொப்பிகள் மட்டும் அலுமாரிக்கு மேலே உயர்ந்துகொண்டிருந்தன.

நான்கு வருடத்துக்கு முன் பதுளையில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். பாடம் நடத்தியவர் ஷிராஸ் என்ற இளம் அதிகாரி. உலகம் சூடாகிறது, கடல் சூடாகிறது, ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை இனி இரண்டு நாளில் கொட்டும் என்று படம் போட்டுக் காட்டினார். தேயிலைத் தோட்டங்கள் காற்றில் விடும் புகை மற்ற நாடுகளோடு பார்த்தால் கணக்கிலேயே வராது என்றும் சொன்னார். கனகம் கை தூக்கினாள்.

"அப்ப அந்தப் புகைய விடுறவங்க வீட்லயும் இது மாதிரி ஒரு போத்தல் தொங்குதுங்களா, சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷிராஸ் சிரிக்கவில்லை. "அவங்களும் அளக்கிறாங்கக்கா. நம்மள விட நல்லா அளக்கிறாங்க" என்றார். பிறகு மேசையைத் தட்டி, "ஒண்ணு மட்டும் மறக்க வேணாம். ஒங்க போத்தல்ல என்ன இருக்கோ அத மட்டும் சொல்லணும். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது" என்றார்.

அன்று பக்கத்துக் கதிரையில் இருந்தவள் துஷாந்தி. கீழ் டிவிஷனுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண். அங்கே போத்தல் அவள் பொறுப்பு. கனகம் எழுதுவதை எட்டிப் பார்த்து அப்படியே எழுதினாள். அதன் பிறகு இரண்டு பேரும் தினமும் காலையில் போனில் அளவைச் சொல்லிக்கொள்வார்கள். இடையில் ஒரே ஒரு மலைமுகடுதான். நாலைந்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வராது.

மூன்று தடவை போத்தல் நூற்றைம்பதைத் தாண்டியது. மூன்று தடவையும் கனகம் சொல்ல, பதுளையிலிருந்து உத்தரவு வர, இருபத்து மூன்று குடும்பமும் பாயையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனது. நூறு பேருக்கு இரண்டு கக்கூஸ். மூன்று தடவையும் மலை அசையவில்லை. இரண்டாவது தடவை டிவிஷன் தலைவர் ஜெயராசாவின் மாடு ஆளில்லாத கொட்டிலில் கன்று போட்டது. கன்று செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து அவர் கனகத்துக்கு ஒரு பேர் வைத்துவிட்டார்.

"என்ன மழைக் கங்காணி, இன்னைக்கு எத்தன மில்லி? வீட்ட விட்டு எப்ப வெரட்டப் போற?"

"அண்ணே, நான் வெரட்டல. மேல பாத்துக் கேளுங்க."

"மேல இருக்கிறவருக்குப் போன் இல்லியே. ஒங்கிட்டதானே இருக்கு."

லயமே சிரிக்கும். கனகமும் சிரித்து வைப்பாள்.

போன நவம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. காலையில் பேர் கொடுக்கிற பெரட்டு கலைந்து ஆட்கள் வேலைக்குப் போகாமல் லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் பகல் இரண்டு மணிக்குப் போத்தலில் நூற்றுப் பதினெட்டு. எழுதிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். மலையிலிருந்து மூங்கிலில் இறங்கும் அந்தத் தண்ணீரைத்தான் லயம் முழுக்கக் குடிக்கிறது. எந்த மழையிலும் அது தெளிந்துதான் விழும். அன்றைக்குச் சிவப்பாக விழுந்தது. கையை நீட்டினாள். விரலிடுக்கில் சிறு கற்கள் தங்கின.

மீரியபெத்தையில் தப்பிய அவளுடைய சின்னம்மா மகள் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், முதலில் கலங்கியது தண்ணீர்தான் என்று. கனகம் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஷிராஸுக்குப் போன் எடுத்தாள்.

"எவ்வளவுக்கா?"

"நூத்திப் பதினெட்டு. ஆனா சார், பீலித் தண்ணி கலங்கி வருது. கல்லும் வருது."

"நான் மேல சொல்றேன். ஆனா நூத்தம்பது இல்லாம உத்தரவு தரமாட்டாங்கக்கா. மாகாணம் முழுக்க இப்ப இதே கதைதான்."

கால் மணித்தியாலம் அவள் பீலிக்குப் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றாள். ஒன்பது வருடக் கொப்பிகளில் ஒரு இலக்கத்தைக்கூட அவள் கூட்டியதில்லை. மறுபடி போன் எடுத்தாள்.

"சார், நூத்தி அம்பத்திரண்டு."

கால் மணித்தியாலத்தில் எப்படி என்று அவர் கேட்கவில்லை. "சரிக்கா" என்றார்.

அரைமணியில் உத்தரவு வந்தது. கோவில் மணியை அடித்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே சனம் கிளம்பியது. ஜெயராசா மாட்டையும் பிடித்துக்கொண்டு வந்தார். "இந்தத் தடவையும் சும்மா போச்சுன்னா, அந்தப் போத்தல்ல எனக்குச் சாராயம் ஊத்திக் குடுக்கணும், ஆமா" என்றார். சில பேர் சிரித்தார்கள். பாதி வழியில், தேயிலைக்கு நடுவே, கனகத்தின் போன் அடித்தது. பழைய போன். பேசுகிறவர் குரல் பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். துஷாந்தி.

"அக்கா, ஒங்களுக்கு நூத்தம்பத்திரண்டாமே? எனக்கு நூத்திப் பதினஞ்சுலதான் நிக்குது. எப்பிடிக்கா? என் போத்தல் ஓட்டையோ?"

ஜெயராசா நின்றுவிட்டார். அவர் நின்றதும் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. எல்லோரும் கனகத்தின் வாயைப் பார்த்தார்கள். "எத்தனையாம்?" என்றார் ஜெயராசா.

தன்னுடையது பொய் என்று சொன்னால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவார்கள். நீயும் கூட்டிச் சொல் என்றாலும் அதே கதைதான். மலை அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஒன் போத்தல்ல என்ன இருக்கோ அதச் சொல்லு, தங்கச்சி" என்றாள் கனகம்.

"சரிக்கா."

ஜெயராசா மாட்டுக் கயிற்றை இழுத்தார். சனம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஆள் எண்ணி, பாய் போட இடம் பிரித்து, அடுப்பு மூட்டி, பால் குடிக்கிற பிள்ளைகளுக்கு வெந்நீர் வைத்து முடிக்க ஐந்தரை ஆயிற்று. துஷாந்திக்குப் போன் எடுக்க நினைத்தாள். சிக்னல் கோடு ஒன்றுகூட விழவில்லை. அந்த நேரத்தில்தான் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. லொறி கல் கொட்டுவதைப் போல. ஆனால் நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது.

கீழ் டிவிஷனில் ஒரு லயம் ஐந்து பேரோடு மண்ணுக்குள் போனது. துஷாந்தியின் மாமியாரும் கொழுந்தனும் அதில் அடக்கம். ஐந்தரைக்கு அளவு பார்க்கப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்ததால் அவள் தப்பினாள். மேல் டிவிஷன் மலை அப்படியே நின்றது. இரண்டு நாளில் பீலியும் தெளிந்தது.

மழைக் கங்காணி என்று அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. "கனகம் இல்லாட்டி நாமளும் போயிருப்போம்" என்றார் ஜெயராசா, வருகிற போகிற எல்லோரிடமும். பெண்கள் அவளுக்கு முதலில் தேத்தண்ணி கொடுத்தார்கள். அவள் வாங்கி ஓரமாக வைத்தாள்.

மூன்றாம் நாள் ஷிராஸ் வந்தார். இரண்டு டிவிஷன் அளவுகளையும் ஒரே தாளில் எழுதி வைத்திருந்தார்.

"அன்னைக்கு என் போத்தல்ல நூத்திப் பதினெட்டுதான் சார் இருந்துச்சு. எழுதிக்குங்க."

"எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் கீழ இருக்கிறவங்களுக்கு ஏன் சொல்லல?"

அவர் தாளில் கீழ் டிவிஷன் இலக்கத்தைத் தொட்டார். "அங்கேருந்து நூத்திப் பதினஞ்சுன்னு வந்துச்சுக்கா" என்றார். பிறகு மெதுவாக, "இத நான் எழுதலன்னா யாருக்கும் தெரிய வராது" என்றார்.

"எழுதுங்க."

அவர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

கீழ் டிவிஷன் ஆட்களையும் அதே பள்ளிக்கூடத்தில்தான் தங்க வைத்திருந்தார்கள், அடுத்த வகுப்பறையில். மூன்று நாளாகக் கனகம் அந்தக் கதவைத் தாண்டிப் போகவில்லை. இப்போது போனாள். துஷாந்தி யாரோ கொடுத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தூங்கியது. கனகம் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பீலி கலங்கியது, பொய்யாக இலக்கம் சொன்னது, தேயிலைக்கு நடுவே சனம் நின்று அவள் வாயைப் பார்த்தது.

துஷாந்தி ஒரு சின்னச் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இலக்கம் கெடக்கட்டும்கா. தண்ணி கலங்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அதுக்கு யாரும் திரும்பிப் போயிருக்க மாட்டாங்களே."

கனகத்துக்கு அப்போதுதான் அது தோன்றியது.

"எங்க பீலியும் காலையிலேருந்து கலங்கித்தான் வந்துச்சு" என்றாள் துஷாந்தி. "மாமி வந்து சொன்னாங்க, வா போயிரலாம்னு. நான்தான், இருங்க மாமி, இன்னும் நூத்தம்பது வரலைன்னேன்."

பிள்ளை எழுந்து அழுதது. கனகம்தான் தூக்கினாள்.

ஒன்பதாம் நாள் மேல் டிவிஷன் ஆட்கள் சிவப்புக் குறி போட்ட லயத்துக்கே திரும்பினார்கள். போக வேறு இடம் இல்லை. நான்காவது தடவை இடம் அளக்க ஆள் வருவதாக ஜெயராசா சொன்னார். அடுத்த நாள் காலையில் கனகம் கொப்பியைத் திறந்தாள். திகதி, நேரம், மில்லிமீட்டர், கையொப்பம் என்று நான்கு கட்டங்கள். அடிமட்டம் வைத்து ஐந்தாவதாக ஒரு கோடு இழுத்து, மேலே 'பீலி' என்று எழுதினாள். ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து பதுளைக்கு அனுப்புகிறாள். அந்தக் கட்டம் என்ன என்று அங்கிருந்து இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

ஆறு மணிக்குப் போத்தலைப் பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் அவள் பீலிவரைக்கும் நடக்கிறாள். கையில் தண்ணீரை ஏந்தி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறாள்.