மருந்து அறையில் கோபம் கூடாது

விஸ்வநத்தம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் அய்யாதுரை செய்வது தீபாவளி மத்தாப்பு அல்ல. நடுக்கடலில் படகு பழுதானால் கையில் பிடித்துக் காட்டுகிற சிவப்பு வெளிச்சம். கம்பெனியில் அதற்கு ‘பிளேர்’ என்று பெயர். அவன் மனைவி பாண்டிலட்சுமி தையல்காரி. பாவாடை இடுப்புக்குக் கீழே குடையாக விரிந்தால் அதையும் ‘பிளேர்’ என்றுதான் அவள் சொல்வாள். “எம்புட்டு பிளேர் வேணும்?” என்று கேட்ட பிறகுதான் துணியில் கத்தரியே வைப்பாள்.

மூன்றாவதாக ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது: அய்யாதுரையின் கோபம். இங்கிலீஷ்காரன் அதையும் இதே சொல்லில் அடக்கிவிடுவானாம். தெருவில் அதற்குப் பேர் ‘பொசுக்’. குழம்பில் உப்புக் குறைந்தால் பொசுக், துவைத்த சட்டை காயாவிட்டால் பொசுக். மூக்கு விடைக்கும், தட்டு பறக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். அடங்கிய பிறகு, “சாப்பிட்டியா லட்சுமி?” என்று தேனொழுகக் கேட்பான். பெரிய தர்மப்பிரபு.

வெடிமருந்து கலக்கிற அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் வாசலில் நின்றுகொண்டு போர்மேன் சின்னச்சாமி ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். “வீட்ல சண்டையா லே?” என்பார். ஆமென்றால் அந்த ஆளுக்கு அன்றைக்கு லேபிள் ஒட்டுகிற வேலைதான். கோபக்காரன் கை சல்லடையை வேகமாகத் தட்டும், டப்பாவைத் தரையில் இழுக்கும். மருந்து அதைப் பொறுக்காது. அய்யாதுரையை மட்டும் ஒருநாளும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. அதிர்ந்து பேசாத ஆள் என்று கம்பெனியில் அவனுக்கு நல்ல பேர். எப்படி அதிர்ந்து பேசுவான்? இருப்பதையெல்லாம் வீட்டிலேயே கொட்டிவிட்டு வருகிறவனிடம் என்ன மிச்சம் இருக்கும்?

போன வைகாசியில், ஒரு கல்யாண வீட்டுக்காக அவள் தைத்து முடித்த பாவாடையைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தான். சோறு வடிக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டதாம். பாண்டிலட்சுமி அழவும் இல்லை, ஏசவும் இல்லை. தையல் மிஷினை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆமத்தூரில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. பிடித்து நிறுத்த யாருமில்லை.

முதலில் வீறாப்பாகத்தான் இருந்தான். ஆடி பிறந்தபோது வீறாப்பு கரைந்துவிட்டது. கூட்டும்போது மூலையிலிருந்து நூல் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பக்கத்துத் தெருவில் எங்கோ தையல் மிஷின் ஓடினால் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். தானே வைத்த குழம்பில் உப்பே இல்லை. குறை சொல்லாமல் சாப்பிட்டான். அவள் வேண்டும் அவனுக்கு. சமைக்கவோ துவைக்கவோ அல்ல. அவள் அந்த வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை அவள் இருக்கும்போது நினைத்திருக்கலாம்.

ஒரு நாள் சின்னச்சாமி அவனை வாசலில் நிறுத்தினார். “மொகம் சரியில்லையே. சண்டையா லே?”

“சண்டை போட ஆள் இல்லண்ணாச்சி.”

“அப்ப நீ இன்னைக்கு லேபிளுக்குப் போ.”

பசை தடவிக்கொண்டே யோசித்தான். இத்தனை வருஷம் மருந்துக்கிட்ட பார்த்துப் பதனமாக இருந்தோம், ஒன்றும் ஆகவில்லை. அவளிடமும் அப்படியே இருந்துவிட்டால் வந்துவிடுவாள் அல்லவா? கண்டுபிடித்துவிட்டான் மகராசன்.

ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூர் போனான். மாமியார் இருளம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். பாண்டிலட்சுமி ஒரு சிவப்புப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். துணி மிஷினைச் சுற்றித் தரையெல்லாம் விரிந்து கிடந்தது. அதை மிதித்துவிடாமல் சுவரோரமாக நடந்து போய் உட்கார்ந்தான். சொம்பைச் சத்தம் வராமல் தரையில் வைத்தான். ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசினான். “நல்லாருக்கியா?” என்று கேட்கும் முன்னால் அவள் முகத்தைப் பார்த்தான். கேட்ட பிறகும் பார்த்தான். அவள் புருவம் லேசாகச் சுருங்கினால் பேச்சைப் பாதியில் விழுங்கினான். அவள் மடியிலிருந்த கத்தரி நழுவித் தரையில் விழுந்தபோது அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் மிஷினை நிறுத்தினாள். “எதுக்கு இப்பிடிப் பதறுறீக?”

“இல்ல… உனக்குக் கோவம் வந்துருமோன்னு.”

“கோவம் வந்தா என்ன செய்வேன்?”

“தெரியல லட்சுமி. அதான் பயமா இருக்கு.”

அவள் அவனைப் பார்த்தாள். முகத்தில் ஏளனம் இல்லை, கோபமும் இல்லை.

“எப்பிடி இருக்கு, இங்கன இப்பிடி உக்காந்திருக்கது?”

“மூச்சு முட்டுது,” என்றான். அது உண்மை.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க வீட்ல நான் இப்பிடித்தான் உக்காந்திருந்தேன்.”

சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. “வா, நம்ம வீட்டுக்குப் போவோம்” என்று கூப்பிடத்தான் அவன் வந்திருந்தான். பஸ் முழுக்க அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். எந்த வாயால் இப்போது அதைக் கேட்பது? சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தான். எழுந்து, “போயிட்டு வாரேன்” என்று மட்டும் சொன்னான்.